காலி மேடையின் எடை

உப்பு விளைகிற ஊர்களில் எல்லாவற்றுக்கும் ஓர் எடை உண்டு, எடை போட முடியாததைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட ஊரொன்றில், கடற்கரைச் சாலையில் உப்பு அம்பாரங்கள் வரிசையாகக் குவிந்து கிடக்கும் இடத்துக்கு எதிரே, ஆதிலிங்கம் அண்ணாச்சியின் லாரி எடைமேடையில் எடைச் சீட்டுப் போட்டுக்கொடுக்கும் செல்லக்கனி மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பதினான்காம் நாள் காலையில், அவள் தலைக்குள் ஏழு வருஷமாகக் குடியிருந்த குரல்கள் கீழே இறங்கி வந்து அந்த மேடைமேல் நின்றன. நின்றன என்றால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, யார் காதுக்கும் கேட்கவில்லை. மேடையில் லாரி இல்லை, மாட்டுவண்டி இல்லை, படுத்துக் கிடக்கிற நாய்கூட இல்லை. வெளியே சிவப்பு எண்களில் எரிகிற பலகை மட்டும் நூற்றறுபது கிலோ என்று காட்டிற்று.

முதலில் எல்லோரும் மேடையைத்தான் சந்தேகப்பட்டார்கள், அதுதானே முறை. மெக்கானிக் வந்து இரும்புத் தகடுகளைத் தூக்கி, அடியில் சேர்ந்த உப்புக் கசடைச் சுரண்டி, ஓர் எலிக் குடும்பத்தைக் கிளப்பிவிட்டு, ஜீரோ பட்டனை அமுக்கினார், ஜீரோ வந்தது, கையை எடுத்தார், நூற்றறுபது வந்து நின்றது. இப்படி ஒன்பது தடவை அமுக்கி ஒன்பது தடவை எடுத்துவிட்டு, மிஷினில் கோளாறு இல்லை, மேலே என்னமோ நிற்கிறது என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம், செல்லக்கனியின் புருஷன் சேர்மத்துரை கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்த சமயத்தில், அவள் இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் பலகை சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது, அவளோ சீட்டுப் போடும் அறைக்குள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி மாத்திரை உள்ளே போன பிறகு முதலில் அறுபது, அப்புறம் நூற்றுப்பத்து, அப்புறம் நூற்று நாற்பது, கடைசியில் நூற்றறுபது என்று நான்கு பேராக ஒவ்வொருவராய் இறங்கி வந்து நின்றார்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று இன்றைக்கும் அந்த ஊரில் மூன்று பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. பாத்தியில் நின்று நின்று கால் வெடிப்பதற்கும் உப்பின் வெள்ளையில் கண் மங்குவதற்கும் பழகிக்கொண்ட சனம் இதற்கா பழகாது? காலி வண்டி ஏறும்போதும் நூற்றறுபது கூடுதல், உப்பு ஏற்றிய வண்டி ஏறும்போதும் அதே நூற்றறுபது கூடுதல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரியாகப் போய்விடும், ஆகவே யாருக்கும் ஒரு கல் உப்பு நட்டமில்லை. மலையாளத்து டிரைவர்கள் மேடையில் ஏறுமுன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார்கள், நிற்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. எதிரே பணியாரம் சுடுகிற நாகரத்தினம் குறுக்கு வழியாக அந்தத் தகட்டின்மேல் நடப்பதை நிறுத்திவிட்டு, யாரையோ இடிக்காமல் போகிறவளாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினபோது மேடையின் ஓரத்திலும் நான்கு கிண்ணம் வைத்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாவிட்டாலும் நம் ஊரில் வந்து நிற்கிறவர்களை விட்டுவிட்டுக் குடிக்க முடியுமா என்றார்கள்.

ஆனால் அந்தச் சிவப்புப் பலகை சாலையைப் பார்த்து இருந்தது. விடிந்தும் விடியாமலும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் அதை ஏறிட்டுப் பார்த்து, நூத்தி அறுவது, செல்லக்கனி நல்லா இருக்கா என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். எண் குறைந்திருந்தால் பணியாரக் கடையில் பேச்சும் குறைந்தது, அவள் வந்ததும் எல்லோரும் ஒரு தினுசாகச் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் தலைக்குள் நடப்பது லாரி நம்பர் மாதிரி தெருவில் எழுதிக் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அந்தப் பலகையின்மேல் கோணிச்சாக்கைப் போட்டு மூடினாள். எடை தெரியவில்லை என்று டிரைவர்கள் சத்தம் போட்டதும் தானே போய் எடுத்துவிட்டாள்.

குரல்கள் அவளுக்குள் இருந்த காலம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு விஷயம் சொன்னால் போதும். உப்பில் என்னமோ கலக்கிறார்கள் என்று அவை சொல்லிக்கொண்டே இருந்ததால், அவள் ஏழு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டாள். கண்ணுக்கெட்டின தூரம்வரை உப்பு குவிந்து கிடக்கிற ஊரில், உப்பளத்திலே பிறந்து வளர்ந்த ஒருத்தி, சப்பென்ற சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினாள். அதைப் பார்த்துத்தான் சேர்மத்துரை, கோயில் கோயிலாகப் போனது போதும் என்று அவளை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டர் மெர்லின் முன்னால் உட்காரவைத்தான். குரல்கள் இறங்கிப்போன அன்று மத்தியானம் அவள் மீன் குழம்பில் தானே ஒரு கல் உப்பு எடுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

மாத்திரையும் சும்மா வரவில்லை. குரல்களை இறக்கிவிட்ட கையோடு தன் மூட்டை முடிச்சுகளையும் கொண்டுவந்து அவளிடம் வைத்தது. ஐந்து மாதத்தில் பதினாறு கிலோ ஏறினாள், கல்யாண ரவிக்கை முழங்கைக்கு மேல் போக மறுத்தது. எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. காலை பத்து மணிவரை தூக்கம் கண்ணிமையில் பிடித்துத் தொங்கியது. கை நடுங்கியதால், ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் அபிநயாவுக்கு ரெட்டைச் சடை போடும்போது வகிடு நெற்றியில் தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது. அந்தப் பிள்ளை ஒருநாளும் குறை சொன்னதில்லை, பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததையும் வந்து சொன்னதில்லை. எல்லாவற்றையும்விட, பங்குனியில் அவளுடைய அம்மா செத்துப்போனபோது ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுகை தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரிகள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது, அது மேடையில் நிற்கிறவர்கள் சொன்னதல்ல, நிசமான மனுஷிகள் சொன்னது. இந்தப் பாரத்தையெல்லாம் காட்ட அந்த ஊரில் பலகை இல்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில், எப்படிம்மா இருக்கு என்று கேட்டால், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான், எடைமேடைக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போடுகிற அதிகாரி வருகிற நாள் வந்தது. ஊருக்கு நூற்றறுபது பழகிப்போயிருக்கலாம், சட்டத்துக்குப் பழகவில்லை. காலி மேடை பூஜ்யம் காட்டினால்தான் முத்திரை, முத்திரை இருந்தால்தான் மேடை. உப்பு வியாபாரிகள் கூடிப் பேசினார்கள். நல்ல மனுஷர்கள்தான், அவள் குரல்களுக்கும் கூழ் ஊற்றினவர்கள்தான், கெடுதல் நினைக்கத் தெரியாதவர்கள்தான். அந்த நல்லவர்கள் எல்லோருமாக யோசித்து ஆதிலிங்கம் அண்ணாச்சியை அனுப்பினார்கள். அவர் சீட்டுப் போடும் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. மூணே மூணு நாளைக்கு மட்டும் அந்த மாத்திரைய நிப்பாட்டிக்கிட முடியுமா? முத்திரை விழுந்ததும் போட்டுக்கிடலாம்."

செல்லக்கனி வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவை மேஜைமேல் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் கேட்டதற்காக மட்டும் அவள் சரி என்று சொல்லவில்லை. இதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆதிலிங்கம் அண்ணாச்சியின் தலையில் முழுப் பழியும் விழும். அவளுக்கே ஆசை இருந்தது. தன் கையைத் தானே திரும்ப ஒருதரம் பார்க்கவேண்டும் என்ற ஆசை. சேர்மத்துரை அன்றைக்குத்தான் வெளியூர் லோடு கிளம்பியிருந்தான், கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரியும், ஆகவே அவனிடம் சொல்லவில்லை.

முதல் நாளும் இரண்டாம் நாளும் அவள் வாழ்க்கையில் வந்த நல்ல நாட்களில் சேர்த்தி. விடியுமுன் தூக்கம் தானாகக் கலைந்தது, காற்றில் கடல் வாடை வேறு, சகதி வாடை வேறு என்று மூக்குக்குத் தெரிந்தது. அபிநயாவை முன்னால் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தாள், கை நின்ற இடத்தில் நின்றது. நெற்றியிலிருந்து பிடரிவரை நூல் பிடித்தது போல ஒரு வகிடு எடுத்து, இரண்டு சடையையும் இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி, முடித்ததும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அம்மா செத்து நான்கு மாதம் கழித்து அம்மாவுக்காக அழுதாள். அழ அழ உடம்பு லேசாயிற்று. அபிநயா பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லாமல், அழுது முடிக்கும்வரை தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பலகை பூஜ்யம் காட்டியது. அதிகாரி வரவில்லை. வேறு ஊரில் வேலை முடியவில்லை, இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று போனில் சொல்லி அனுப்பினார். அந்த இடத்தில் யாராவது ஒருவர், சரி தாயி, நீ மாத்திரையைப் போட்டுக்கொள், முத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். டிரைவர்கள் பூஜ்யத்தைப் பார்த்தார்கள், உப்பளத்துப் பெண்கள் பார்த்தார்கள், ஆதிலிங்கம் அண்ணாச்சி பார்த்தார். பூஜ்யம் என்றால் அந்த நூற்றறுபதும் இப்போது எங்கே இருக்கிறது என்று அந்த ஊரில் ஒரு குழந்தைக்கும் தெரியும். இருந்தும் இரண்டு நாள்தானே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள்.

முதலில் வந்தது இருபது கிலோக் குரல். போகும்போது கடைசியாகப் போவதும் வரும்போது முதலில் வருவதும் அதுதான். சன்னமான குரல், கஞ்சியில் என்னமோ கலந்திருக்கு என்று மட்டும் சொல்லும். அதன் பின்னால் முப்பது வந்தது, ஐம்பது வந்தது, அறுபது வந்தது. நான்காம் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். அபிநயா சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, உப்பில்லாமல் வேறு சோறு வடித்து, உப்பில்லாமல் ரசம் வைத்து, அம்மா பார்க்கத் தானே முதல் கவளத்தைத் தின்று காட்டினாள். செல்லக்கனி அந்தக் கவளத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு முன் தன் கையாலே எடுத்துவிட்ட நேர் வகிடு, அதே மாதிரி அந்தப் பிள்ளை தானே எடுத்துப் பழகியிருந்தது. அறுபது கிலோக் குரல் நிதானமாகச் சொல்லிற்று, உன் பிள்ளைக்கு வகிடு கோணலாக இருக்கும், இது வேறு யாரோ.

ஐந்தாம் நாள் அதிகாரி வந்தார். இரும்பு எடைக்கற்களை ஏற்றி, இறக்கி, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்து, காலி மேடை பூஜ்யம் காட்டுவதைக் கண்டு, இவ்வளவு துல்லியமான மேடையை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை என்று பாராட்டி, ஈய முத்திரையை அழுத்திவிட்டுப் போனார். ஆதிலிங்கம் அண்ணாச்சி சாயங்காலம் கால் கிலோ அல்வாவை வாங்கிக்கொண்டு செல்லக்கனியின் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனார். வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

செல்லக்கனி உள்ளே மூலையில், முதுகு சுவரில் ஒட்ட உட்கார்ந்திருந்தாள். அபிநயா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தம்ளருமாக முன்னால் நின்றாள்.

"எம்புள்ளைக்கு வகிடு கோணலா இருக்கும்," என்றாள் செல்லக்கனி. "நீ யாரு? எம்புள்ளைய எங்க கொண்டு வச்சிருக்க?"

அந்தப் பிள்ளை மாத்திரையையும் தம்ளரையும் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் நின்று, ரிப்பனை அவிழ்த்தது, சடையைக் கலைத்தது, சீப்பை எடுத்து நெற்றியில் வைத்து, வேண்டுமென்றே கையை ஆட்டி ஆட்டி ஒரு வகிடு இழுத்தது. அது இடது புருவத்துக்கு மேலே தொடங்கி வலது காதுப்பக்கம் போய் முடிந்தது. கோணல் போதுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தது, இன்னும் கொஞ்சம் கோணலாக்கிற்று. அரைகுறையாகப் பின்னிக்கொண்டு வந்து மாத்திரையை எடுத்து நீட்டியது.

"எம்மா, நாந்தான்."

செல்லக்கனி வகிட்டைப் பார்த்தாள். அதன் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரிந்த வளைவு, அவள் கை நடுங்கி நடுங்கிப் போட்டுப் பழகின பாதை. தலைக்குள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், விஷம் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, ஒரு விரலால் மகளின் வகிட்டை நெற்றியிலிருந்து காதுவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள், முடிந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினாள். ஆதிலிங்கம் அண்ணாச்சி அல்வாப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் நடைப்படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பலகை மறுபடி நூற்றறுபதுக்கு வந்த பிறகு, அவளும் லோடிலிருந்து திரும்பியிருந்த சேர்மத்துரையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மெர்லின் எப்படி இருக்கு என்று கேட்டார். செல்லக்கனி இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு கற்றை எடைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள், ஒவ்வொரு நாள் காலையிலும் காலி மேடைக்குப் போட்ட சீட்டு. பிறகு ரவிக்கை, தலையணை, தூக்கம், கை, வகிடு, அம்மாவுக்கு வராத கண்ணீர் என்று எல்லாவற்றையும் கொட்டினாள், ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தினதையும் ஒளிக்கவில்லை. டாக்டர் சீட்டுகளைத் தேதி பார்த்து அடுக்கி, ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு சேர்த்துக் குத்திவைத்தார்.

"இதையெல்லாம் ஏம்மா இத்தனை மாசமா சொல்லல?"

"வெளிய வரிசை நின்னுச்சு மேடம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், இனிமேல் யார் கேட்டாலும் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் மாத்திரையை மாற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம், நடுக்கத்துக்கும் வழி இருக்கிறது, அவசரப்படாமல் இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்க்கலாம் என்றார். குறைக்கக் குறைக்க மேடையில் நிற்பது குறையும், தலைக்குள் கூடும். எல்லாவற்றையும் இறக்கிவைக்கவேண்டுமானால் உடம்பு இவ்வளவு கொடுத்தாக வேண்டும். உடம்பு கொஞ்சம் திரும்ப வேண்டுமானால் கொஞ்சத்தைச் சுமந்தாக வேண்டும்.

"நீயே சொல்லு. எவ்வளவு தூக்கிக்கிட்டு நடக்க முடியும்?"

செல்லக்கனி யோசித்தாள். உப்புக்காட்டில் குடிதண்ணீர் கிடையாது, சின்ன வயதிலிருந்தே இரண்டு மைல் நடந்து எடுத்துவந்தவள்.

"ஒரு கொடம்," என்றாள். "இடுப்புல ஒரு கொடம் இருந்தா மத்த வேலையும் பாத்துக்கிடுவேன்."

தண்ணீரோடு ஒரு குடம் என்ன எடை என்று டாக்டருக்குத் தெரியவில்லை. இருபது கிலோ வரும் என்று சேர்மத்துரை சொன்னான்.

மாதங்கள் ஆயின. ஒரு தடவை குறைத்தது அதிகமாகிப் பலகை நூற்றுப்பத்துக்கு இறங்கியது. அன்று நாகரத்தினம் பணியாரக் கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு அறைக்கு ஓடிவந்து, எக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றாள். அந்தப் பலகையை யாராவது ஒருத்தி இப்படிப் பார்ப்பதானால் அது தெருவைப் பார்த்தே இருக்கட்டும் என்று செல்லக்கனிக்கு அன்று தோன்றியது. இன்னொரு மாதம் ஒன்றுமே நகரவில்லை. கடைசியில் ஒரு தை மாதத்துக் காலையில் எண் நூற்று நாற்பதில் வந்து நின்றது, அதற்குப் பிறகு அசையவில்லை. ஆதிலிங்கம் அண்ணாச்சி பெயிண்டரைக் கூப்பிட்டு மேடையின் முகப்பில் பெரிதாக எழுதிவைத்தார்: காலி மேடையின் எடை 140 கிலோ. அதிகாரி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று வியாபாரிகள் கேட்டார்கள். உள்ளதைச் சொல்வேன், முத்திரை விழவில்லையென்றால் மேடையை மூடிவிடுவேன், அந்தப் பிள்ளை வகிட்டைக் கோணலாக்கினதை இன்னொருதரம் என்னால் பார்க்க முடியாது என்று அவர் சொன்னார்.

செல்லக்கனி இளைத்துவிடவில்லை, பதினாறில் ஆறு கிலோதான் இறங்கியிருந்தது. கையில் கொஞ்சம் நடுக்கம் மிச்சம் இருந்தது, அபிநயாவின் வகிடு நேராகப் போய்ப் பிடரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு வளைந்தது. அதைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டதற்கு, அது இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. மகளை அனுப்பிவிட்டு, எடைமேடைக்கு நடந்து, ஓரமாகச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய், கஞ்சித் தூக்கைத் திறந்து வைத்தாள். வெளியே முதல் லாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது.

கஞ்சியில் என்னமோ கலந்திருக்கு என்றது அந்தச் சன்னமான குரல், வழக்கம்போல.

"ஆமா," என்றாள் செல்லக்கனி, "உப்பு." இன்னும் ஒரு கல் எடுத்துப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, சீட்டுப் போட உட்கார்ந்தாள்.